ஊரூராக விற்ற கொலுசு

இப்போதெல்லாம் கோவிலில், கர்த்தர் தங்களைத் திருத்தினார் என்று சாட்சி சொல்ல எழுந்திருப்பவர்கள், மைக்கைக் கையில் வாங்கிவிட்டால் லேசில் திருப்பிக் கொடுப்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் தன் பழைய பாவங்களை அடுக்கிக்கொண்டே போனார். எனக்கோ மூட்டுவலி, எழுந்து வெளியே போகவும் முடியவில்லை. பக்கத்தில் மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. ‘இதையெல்லாம் உன் பெண்டாட்டியிடம் சொன்னாயாப்பா?’ என்று கேட்கத்தான் வாய் துருதுருத்தது. கிழவிக்கு வாய்க்கொழுப்பு என்பீர்கள். இருக்கட்டுமே.

உங்களுக்குச் சொன்னால் புரியும், நீங்கள் என் வயசுக்காரர்கள். நம் காலத்தில் மைக் ஏது, மின்விசிறி ஏது? பெஞ்சுகூடக் கிடையாது, பாய்தான். ஆண்கள் பாய் ஒரு பக்கம், பெண்கள் பாய் ஒரு பக்கம். அந்தப் பெண்கள் பாயில், அத்தையின் மடியோடு ஒட்டிக்கொண்டு ஒரு கோடைக்காலம் முழுக்க நான் கேட்டது ஒரே ஒரு சாட்சி. என் மாமாவின் சாட்சி. அதற்கப்புறம் எத்தனையோ கேட்டாயிற்று, ஒன்றும் மனசில் நிற்கவில்லை.

அம்மா பிரசவத்துக்குத் தன் பிறந்த வீடு போயிருந்தாள். அப்பா என்னைக் கூட்டிவந்து ஜலகண்டாபுரத்தில் தன் தங்கை வீட்டில் விட்டார். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். நெசவாளர் தெரு முடிகிற இடத்தில் எங்கள் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீடுகள் சில, அவற்றுக்கு நடுவே ஓடு போட்ட சின்னக் கோவில். விடிந்தால் தெரு நீளத்துக்கும், தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, ஆணும் பெண்ணும் இரண்டு பக்கமும் நின்று குச்சம் என்கிற நார்த் தூரிகையால் நீவிக்கொண்டு போவார்கள். புளித்த கஞ்சி வாசனையும் ஈர நூல் வாசனையும் கலந்து தெருவே மணக்கும். இன்றைக்கும் எங்காவது புதுக் கோடித் துணியைப் பிரித்தால் முதலில் அத்தையின் முகம்தான் எனக்கு வரும்.

அத்தை அந்த நெசவாளர் வீடுகளுக்குத் தார் சுற்றிக் கொடுப்பாள். தறியில் குறுக்கே ஓடுகிற ஊடு நூலுக்கென்று சின்னக் குழலில் நூல் சுற்றுவார்களே, அதுதான் தார். ராட்டையை வலது கை சுற்றும், இடது கை நூலை விடும், வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கும். பாட்டா ஜெபமா என்று தெரியாது. கேட்டால், “ரெண்டுந்தான் சாமி” என்பாள்.

மாமா பாரவண்டிக்காரர். துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சேலம் போவார், நூல் மூட்டையோடு திரும்புவார். நெடிய ஆள், நல்ல குரல். மாட்டை அதட்டினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவர் ஒரு காலத்தில் குடித்தவர் என்பது ஊருக்கே தெரியும். வழியில் எந்தக் கள்ளுக்கடை வந்தாலும் மாடுகள் தாமாகவே நின்றுவிடுமாம். பிறகு எங்கள் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடினார்களே, உங்களுக்கு நினைவிருக்கும். மற்ற ஜில்லாக்காரர்கள் எல்லாம் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குத்தான் மாமா மனந்திரும்பினார்.

பக்கத்து வீட்டு நெசவுக்காரம்மாவுக்கு நாக்கில் எப்போதும் ஒரு சிரிப்பு உட்கார்ந்திருக்கும். சுவர் மேலாக எட்டிப் பார்த்துக் கேட்பாள்:

“ஏனுங்கக்கா, உங்கூட்டுக்காரரத் திருத்துனது உங்க சாமிங்களா, கவர்மெண்டுங்களா?”

“ரெண்டு பேருஞ் சேந்துதானுங்க,” என்பாள் அத்தை, ராட்டையை நிறுத்தாமல்.

நான் வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே மாமாவின் சாட்சியைக் கேட்டேன். கோவிலில் சாயங்கால ஜெபக்கூட்டம். உபதேசியார் பாட்டு முடிந்ததும் மாமாவைப் பார்த்துத் தலையசைத்தார். உபதேசியார்தான் எங்கள் கோவிலை நடத்துகிறவர். ஐயர் என்று நாங்கள் சொல்லும் வெள்ளைக்காரப் போதகர் சேலத்திலிருந்து எப்போதாவதுதான் வருவார். மாமா எழுந்து மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“எனக்கு ஒரு பொட்டப்புள்ள இருந்துச்சுங்க. தெத்துப்பல்லு, ஓடிக்கிட்டே இருக்கும். எம் பொஞ்சாதி தங் கைக்காப்ப அழிச்சு, சேலம் செவ்வாப்பேட்டைல குடுத்து, புள்ளைக்கு வெள்ளிக் கொலுசு பண்ணிப் போட்டாங்க. மூணு வயசுல காய்ச்சல் வந்து புள்ள போயிருச்சு. கொலுசு மட்டும் ஊட்டுல இருந்துச்சுங்க. இந்தப் பாவி என்ன பண்ணுனேன்? குடிவெறில, அடுக்குப் பானைக்குள்ள இருந்து அத எடுத்து மடில கட்டிக்கிட்டுப் போனனுங்க. வழியெல்லாம் அது ‘அப்பா அப்பா’ன்னு அழுவுதுங்க! காதைப் பொத்திக்கிட்டுப் போயி வித்துக் குடிச்சனுங்க!”

இங்கே குரல் உடைந்துவிடும். ஆண்கள் பாயிலிருந்து “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்று எழும்பும். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். “அப்பேர்ப்பட்ட பாவத்தையும் கர்த்தர் மன்னிச்சுட்டாருங்க!” என்று மாமா இரண்டு கைகளையும் தூக்குவார். நானும் அழுதேன். அழுதுகொண்டே அண்ணாந்து அத்தையைப் பார்த்தேன். அவள் அழவில்லை. பாயின் கோரையில் ஒன்று பிரிந்திருந்தது, அதை விரலால் திரும்பத் திரும்பச் செருகிக்கொண்டிருந்தாள்.

ராத்திரி அத்தையோடுதான் படுக்கை. அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது, அது பழக்கமென்று அவளுக்கே தெரியாது. தூங்கிப்போன பிறகு அவள் கை மெல்லக் கீழே இறங்கி என் கணுக்காலைத் தேடும். விரல்களால் வளையமாகப் பிடித்துக்கொள்ளும். கூச்சமாக இருந்தாலும் நான் காலை இழுத்துக்கொண்டதில்லை. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது, பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருந்தது. ஊசியும் பழைய பொத்தான்களும் போட்டு வைக்கிற தகர டப்பா ஒன்று. என் பாவாடை கிழிந்தால் அத்தை அதை எடுப்பாள். எடுக்கும்போது உள்ளே ‘கிண்’ என்று பொத்தானுக்கும் ஊசிக்கும் வராத ஒரு சத்தம் கேட்கும்.

“என்னத்தே அது?”

“ஒண்ணுமில்ல சாமி. காலக் காட்டு, தொங்கற நூல அறுத்துடறேன்.”

மாதத்தில் ஒரு ஞாயிறு, இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து அப்பமும் திராட்சை ரசமும் வாங்குகிற இராப்போஜனம். மேஜைக்கு விரிக்கிற வெள்ளைத் துணியைத் துவைத்துக் கஞ்சி போடுவது அத்தையின் வேலை. நெசவுக்காரம்மாவிடம் பாவுக் கஞ்சியில் ஒரு செம்பு வாங்கி, வெள்ளைத் துணியால் வடிகட்டி, அளவு பார்த்துத் தண்ணீர் விட்டுத் தோய்ப்பாள். காய்ந்தால் துணி அட்டை மாதிரி நிற்கும். அதை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு கோவிலுக்குப் போகும்போது அத்தையின் நடையே மாறிவிடும். மேஜையில் விரித்துவிட்டு ஓரங்களை உள்ளங்கையால் நீவுவாள், தூங்குகிற குழந்தையின் போர்வையைச் சரி செய்வது போல.

ஆனால் அத்தை அந்த மேஜைக்குப் போகமாட்டாள். பெண்கள் எழுந்து போய் முழங்காலில் நின்று அப்பமும் ரசமும் வாங்கி வருவார்கள். அத்தை மட்டும் பாயிலேயே இருப்பாள். திராட்சை ரச வாசனை வரும்போது முகத்தை நிமிர்த்துவாள், பசித்தவள் அடுத்த வீட்டுச் சோற்று வாசனைக்கு நிமிர்வது போல. பிறகு தலையைக் குனிந்துகொள்வாள்.

அவளை யாரும் தள்ளி வைக்கவில்லை. தானாகத்தான் தள்ளிப்போனாள். இராப்போஜனத்துக்கு முந்தின நாள் ஆயத்தக் கூட்டம் என்று ஒன்று உண்டல்லவா? ‘யாருக்காவது யார்மேலாவது மனசில் கசப்பு இருந்தால் தீர்த்துக்கொண்டு வாருங்கள்’ என்று உபதேசியார் சொல்வார். எல்லாரும் மாதாமாதம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன வார்த்தை. அதை நிஜமென்று எடுத்துக்கொண்ட ஒரே ஆள் என் அத்தை.

ஊரில் அவளுக்குக் கிடைத்த பேர் கல்நெஞ்சுக்காரி. “புருசன் இத்தன கண்ணீர் உடறாரு, இவளுக்கு எறக்கம் இல்லையே” என்று கிணற்றடியில் பேசுவார்கள். நான் தண்ணீர்ச் செம்போடு நிற்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துவார்கள். இந்தக் குரல் தாழ்த்தலைப் போல் குழந்தைகளுக்குத் தெளிவாகக் கேட்பது வேறொன்றுமில்லை.

ஒருநாள் உபதேசியார் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர்தான். அத்தை மோர் கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

“ஏனம்மா, மன்னிக்கறதுக்குக் கணக்கே பாக்கக்கூடாதுன்னு ஆண்டவர் சொல்லியிருக்கறாரே. நீங்க படிச்சதில்லீங்களா?”

“படிச்சிருக்கறனுங்க.”

“அப்பறம் எதுக்கு இப்படி ஒதுங்கி உக்காந்துக்கறீங்க? ஊடு பூரா மன்னிப்பு வந்து நெறஞ்சு கெடக்குது, நீங்க மட்டும் வாசல்ல நிக்கறீங்க.”

அத்தை ராட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எனக்கும் உள்ள வரோணும்னுதானுங்க ஆசை. அந்த மேசத்துணியத் தொவைக்கறப்பவெல்லாம் அழுதுட்டேதான் தொவைக்கறேன். ஆனா மனசுல கோவம் அப்படியே இருக்குதுங்களே. இல்லைன்னு பொய் சொல்லிட்டு வந்து மண்டி போடட்டுங்களா? சொல்லுங்க, போடறேன்.”

அவர் “ஜெபம் பண்ணுங்க” என்று சொல்லி மீதி மோரைக் குடித்துவிட்டு எழுந்தார். வாசல் வரை போனவரிடம் அத்தை பின்னாலிருந்து கேட்டாள். “ஏனுங்க, கேக்காத ஆளுக்கு எப்படிங்க மன்னிப்புக் குடுக்கறது? அவரு சாமிகிட்டக் கேட்டாரு. சபையில கேட்டாரு. எங்கிட்ட ஆருங்க வந்து கேட்டாங்க?”

உபதேசியார் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தக் கேள்வி அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

மாமாவுக்கோ அந்தக் கோடையில் மவுசு ஏறிக்கொண்டே போனது. ஐயர் ஒரு தரம் வந்து கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதிலிருந்து சுற்றுப்பட்டு ஊர்க் கூட்டங்களுக்கெல்லாம் மாமாவை அழைத்தார்கள். தன் வண்டியிலேயே உபதேசியாரை ஏற்றிக்கொண்டு போவார். போகப் போகச் சாட்சியும் வளர்ந்தது. முதலில் கொலுசு ‘அப்பா’ என்று அழுதது. பிறகு ‘என்னை விக்காதே அப்பா’ என்றது. வைகாசி நெருங்கும்போது மழை, இடி, மின்னல் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. மாமா வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கேட்கிறவர்கள் எங்கே அழுகிறார்களோ அங்கே அவர் குரல் தன்னால் இன்னும் சற்று நேரம் நின்றுவிடும். மறந்தாலும் உபதேசியார் விடமாட்டார். “கொலுசச் சொல்லுங்க, கொலுசச் சொல்லுங்க” என்று பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

அத்தை எல்லாக் கூட்டத்துக்கும் போனாள். போகாவிட்டால் அதற்கும் பேச்சு வரும். தன் குழந்தையின் சாவைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களோடு சேர்ந்து கேட்டாள். இப்போது நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது திரும்பி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாதா?

பிறகு அந்த விளையாட்டு நடந்தது. பாவு எடுத்துவிட்டால் தெரு குழந்தைகளுக்குத்தான். ஒருநாள் சாயங்காலம் நெசவுக்காரம்மாவின் பிள்ளைகளும் இன்னும் சிலரும் கூடி விளையாடினார்கள். நானும் அத்தையும் வாசற்படியில் உட்கார்ந்து சிக்கு நூல் பிரித்துக்கொண்டிருந்தோம். ஒருத்தன் கள்ளுக்கடைக்காரன். ஒருத்தன் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு தள்ளாடி வந்தான். கையில் புளியங்கொட்டை கோத்த நூல்.

“கொலுசு, கொலுசு! செத்த புள்ள கொலுசு! ஒரு மொந்தை குடுங்க!”

மற்றவர்கள் “ஸ்தோத்திரம்!” என்று கத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம்கூடத் தெரியாது. நெசவுக்காரம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து மகன் முதுகில் ஒன்று வைத்தாள். “அக்கா, தெரியாம…” என்று அத்தையைப் பார்த்தாள்.

“உடுங்க, கொழந்தைங்க,” என்றாள் அத்தை. உள்ளே போனாள். தெருவில் கிடந்த புளியங்கொட்டைச் சரத்தை நான் எடுத்து வேலிக்கு அப்பால் எறிந்தேன்.

மாமா வண்டியை அவிழ்த்துவிட்டு வந்து சோற்றுக்கு உட்கார்ந்தார். அத்தை பரிமாறவில்லை. எதிரில் நின்றாள்.

“இன்னைக்குத் தெருவுல புள்ளைங்க உங்களாட்ட வெளையாடுனாங்க. நம்ம பாப்பா கொலுச வெச்சு.”

மாமா முகம் சுருங்கியது. “கழுதைங்க. நாஞ் சொல்லி வெக்கறேன்.”

“அவுங்கள எதுக்குங்க? கள்ளுக்கடக்காரன் அந்தக் கொலுச ஒருக்காத்தான் வாங்குனான். நீங்கதான் ஊரூராப் போயி வித்துட்டு இருக்கறீங்க.”

மாமா தட்டைத் தள்ளினார். “என்ன புள்ளே பேசறே? கர்த்தரே மன்னிச்சுட்டாரு, உனக்கு என்ன?”

“அவரு மன்னிப்பாருங்க. அவரு பெரியவரு. ஆனாக் கொலுசு அவருதுங்களா? எம் புள்ளைதுங்க. எங் கைக்காப்பு அழிச்சதுங்க.” அத்தை குரல் உயரவேயில்லை. “சபைக்கு முன்னாடி அத்தன அழறீங்க. இந்தச் சோத்துக் குண்டானுக்கு முன்னாடி ஒருநாளு, ஒருக்கா, என்ற மொகத்தப் பாத்து, ‘நாந்தான் எடுத்தேன்’னு சொன்னீங்களா?”

மாமா எழுந்து போய் மாடுகளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்று யாரும் சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் அத்தை பிசைந்து ஊட்டினாள்.

அதற்கடுத்த வாரம் பெரிய பந்தல் கூட்டம். தென்னங்கீற்றுப் பந்தல், பச்சைக் கீற்று வாசனை, எங்கெங்கிருந்தோ வந்த வண்டிகள், மர நிழலில் சோறு. சேலத்திலிருந்து ஐயர் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும் மாமாவை அழைத்தார்கள். எல்லாரும் முந்தானையைத் தயாராகக் கையில் எடுத்துக்கொண்டார்கள் என்றால் நம்புங்கள்.

மாமா எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். பெண்கள் பக்கம் பார்த்தார்.

“நான் குடிச்சனுங்க. உட்டுட்டனுங்க. அவ்வளவுதானுங்க.”

உபதேசியார் கழுத்தை நீட்டினார். “கொலுசச் சொல்லுங்க.”

“அது…” மாமா துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டினார். “அத ஊட்டுல சொல்லோணுமுங்க. இன்னும் சொல்லலீங்க.”

உட்கார்ந்துவிட்டார். ஐயர் உபதேசியாரைப் பார்த்தார், உபதேசியார் கூரையைப் பார்த்தார். யாரோ சட்டென்று ஒரு பாட்டை எடுத்துவிட்டார்கள். திரும்பி வரும்போதே பேச்சு கிளம்பிவிட்டது. ஆவி அணைந்துபோய்விட்டது என்றார்கள். மறுபடி எங்கேயோ குடிக்க ஆரம்பித்துவிட்டார், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்றார்கள். அதன்பின் எந்த ஊருக்கும் மாமாவைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. என்னத்தைச் சொல்ல! அந்த மனிதர் தன் வாழ்நாளில் உண்மையாக மனந்திரும்ப ஆரம்பித்த நாளில்தான், பின்வாங்கிப்போனவர் என்ற பேரை வாங்கினார்.

வீட்டிலும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. மாமா வாயைத் திறக்க வருவார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். ஆயிரம் பேர் முன்னால் பேசிய வாய்க்கு ஒரு ஆள் முன்னால் பேச வரவில்லை. அத்தையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அந்த மாதத்து மேஜைத் துணி துவைக்கும் நாள் வந்தது. கொல்லையில் கல்லின் மேல் அத்தை துணியை அலசிக்கொண்டிருந்தாள். கஞ்சிச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீளத் துணி, ஒரு ஆள் பிழிய முடியாது. வழக்கமாக நெசவுக்காரம்மா வந்து ஒரு முனையைப் பிடிப்பாள். அன்று மாமா வந்து பிடித்தார். இரண்டு பேரும் எதிரெதிராக முறுக்க ஆரம்பித்தார்கள். தண்ணீர் கொட்டியது.

“நாந்தான் எடுத்தேன் புள்ளே,” என்றார் மாமா.

அத்தை முறுக்குவதை நிறுத்தினாள்.

“நீ தெருக் கடைசி வீட்டுக்குத் தார் குடுக்கப் போயிருந்தே. பட்டப்பகலு. அன்னைக்கு நாங் குடிக்கலே.”

“குடிக்கலீங்களா?”

“ஒரு சொட்டுக் குடிக்கலே. எல்லாத்துகிட்டயும் குடிவெறின்னு சொன்னேன். அது பொய்யி. புத்தித் தெளிவாத்தான் எடுத்தேன்.” மாமாவின் குரல் பந்தலில் கேட்ட குரலே இல்லை. காற்றுப் போன குரல். “நீ தெனமும் வெளக்கு வெச்சதும் அதை எடுத்துக் காதுகிட்ட வெச்சுக் குலுக்குவே. அப்பறம் அழுவே. அந்தச் சத்தம் எனக்குத் தாங்கலே. புள்ள மறுக்கா மறுக்காச் சாவற மாதிரி இருந்துச்சு. அது ஊட்ட உட்டுப் போனாப் போதும்னு தூக்கிட்டுப் போயிட்டேன். வித்ததுக்கப்பறந்தான் குடிச்சேன். உங்கிட்ட இருந்த ஒரே சத்தத்த நான் புடுங்கிட்டுப் போயிட்டேன். கேக்கக்கூட எனக்கு யோக்கியதையில்ல. என்ன மன்னிச்சுக்க.”

துணி நடுவில் முறுக்கோடு தொங்கியது. இரண்டு பேரும் முனையை விடவில்லை. விட்டால் மண்ணில் விழுந்துவிடும், அது கர்த்தருடைய மேஜைத் துணி. நான் கஞ்சிச் செம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“நல்லா முறுக்குங்க,” என்றாள் அத்தை கடைசியில். “இன்னும் தண்ணி இருக்குது.”

பிழிந்தார்கள். அத்தை கஞ்சியில் தோய்த்தாள், மாமா கொடியில் எட்டிப் போட்டார், அத்தை ஓரங்களை இழுத்துச் சரி செய்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் அந்தத் தகர டப்பா இருந்தது. மூடியைத் திறந்து பொத்தான்களுக்கு அடியில் விரலை விட்டு எதையோ எடுத்தாள்.

மிளகை விடக் கொஞ்சம் பெரிசு. கறுத்துப்போன ஒரு வெள்ளி மணி.

“புள்ள உசுரோட இருக்கறப்பவே எடது கால்ல இருந்து இது உதுந்து போச்சுங்க. ஆசாரிகிட்டக் குடுத்துப் பத்த வெக்கலாம்னு எடுத்து வெச்சேன், அதுக்குள்ள காய்ச்சல் வந்துருச்சு. நீங்க கொண்டுபோன கொலுசுல ஒரு மணி கொறைச்சல். இத்தன கூட்டத்துல சொன்னீங்களே, இது உங்களுக்குத் தெரியுங்களா?”

மாமா தலையை ஆட்டினார். தெரியாது.

“இதையும் வித்துருவீங்கன்னு பயந்துக்கிட்டே இத்தன வருசமா ஒளிச்சு வெச்சிருந்தேன்,” என்றாள் அத்தை. அவர் கையை இழுத்து, உள்ளங்கையை விரித்து, அதில் மணியை வைத்தாள். கொலுசை எடுத்துக்கொண்டு போன அதே கை. “நீங்க வெச்சுக்குங்க.”

மாமா அழுதார். கூட்டத்தில் அழுவாரே, அப்படி அல்ல. சத்தமே இல்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. மூடிய கையைக் காதருகே கொண்டுபோய் மெல்ல ஒரு தரம் அசைத்தார். கிண் என்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எழுந்தபோது அத்தையும் எழுந்தாள். என் கையை விடுவித்துவிட்டு, “இங்கயே இரு கண்ணு, இதா வாரேன்” என்று சொல்லிப் போனாள். தான் கஞ்சி போட்ட துணிக்கு எதிரே மண்டியிட்டாள். உபதேசியார் ஒரு கணம் தயங்கினார், பிறகு கொடுத்தார். தம் மோர்ப் பேச்சுதான் பலித்தது என்று அவர் நினைத்திருப்பார். கிணற்றடியிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். அத்தை திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவள் மூச்சில் திராட்சை வாசனை அடித்தது.

அம்மாவுக்குத் தம்பி பிறந்தான், அப்பா வந்து என்னை அழைத்துக்கொண்டு போனார். அத்தை என் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து வழியனுப்பினாள். பிறகு ஒரு விடுமுறைக்கும் போகக் கொடுத்து வைக்கவில்லை, படிப்பு, கல்யாணம், பிள்ளைகள் என்று ஓடிவிட்டது. இந்த வயசில், விடியும் நேரத்தில், கணுக்காலில் ஒரு கை வந்து வளைத்துப் பிடித்துக்கொள்ளாதா என்று ஏங்குகிறேன். சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். உங்களிடம் சொல்லலாம்.

அத்தையும் மாமாவும் போய் வெகுகாலமாகிவிட்டது. அந்த மணி எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியாது. மாமாவின் இடுப்புச் சுருக்குப் பையில் இருந்ததென்று அப்பா ஒரு தரம் சொன்னார், பையோடேயே புதைத்திருப்பார்கள். வயசான காலத்தில் அவரைச் சபையார் மறுபடி சாட்சி சொல்ல எழுப்பிவிடுவார்களாம். எழுந்து நிற்பாராம். குடித்தேன், விட்டேன் என்பாராம். ஆனால் அந்த மணியைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.